கல்லா மண்ணா ஆடும்போது குழந்தையின் மூளையில் என்ன நடக்கிறது?

எல்கேஜி, யுகேஜி படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான். "ஏ பி சி டி முழுக்கச் சொல்றான் மேடம், நூறு வரைக்கும் எண்றான். ஆனா ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான். ஒண்ணு சொன்னா பாதியிலயே விட்டுட்டு ஓடிடறான். மிஸ் தினமும் கம்ப்ளெயின்ட் பண்றாங்க." மூளை வளர்ச்சிக்கு ஏதாவது கிளாஸ் இருக்கிறதா, அபாகஸில் இப்போதே சேர்த்துவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள்.

சாயங்காலம் பிள்ளை யாரோடு, எங்கே விளையாடுகிறான் என்று நான் திருப்பிக் கேட்பேன். பல வீடுகளில் இதற்குப் பதிலே இருக்காது. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன், அப்புறம் சாப்பாடு, தூக்கம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள். ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ள முதலில் அவன் விளையாடுவதைத்தான் பார்ப்பேன். யோசிக்கும் திறன் என்றால் எண்ணும் எழுத்தும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் வேறு மூன்று திறன்கள் இருக்கின்றன. செய்யத் துடிக்கும் ஒன்றைச் செய்யாமல் நிறுத்துவது, சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, விதி மாறினால் தானும் மாறுவது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் இவற்றைப் பெரிதும் கவனித்துக்கொள்கிறது. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆனால் 3 முதல் 5 வயது வரை இந்தத் திறன்கள் வேகமாக வளர்கின்றன. உட்கார முடியாத பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்பதல்ல, இந்த மூன்றில் ஏதோ ஒன்று இன்னும் பழகவில்லை என்பதே பெரும்பாலும் பிரச்சினை.

கல்லா மண்ணா விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பிடிப்பவர் "மண்" என்றால் மண் அவருடைய இடம், மற்றவர்கள் கல்லில் ஏறி நிற்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் "கல்" என்றால் எல்லாம் தலைகீழ். எங்கள் மையத்தின் வாசல் படிக்கட்டிலேயே இதை ஆட வைப்பேன். நாலு வயதுப் பையன் ஒருவன் மூன்று ஆட்டம் படியில் ஏறி ஏறித் தப்பித்தான். நாலாவது ஆட்டத்தில் அக்கா ஒருத்தி "கல்" என்று கத்தினாள். பழக்கத்தில் அவன் கால் படியை நோக்கித் தூக்கிவிட்டது. பாதம் படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி. உதடு மட்டும் "கல்லு, கல்லு" என்று அசைந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மண்ணுக்கு ஓடினான். மேலே சொன்ன மூன்று திறன்களும் அந்த ஒரு நொடிக்குள் வேலை செய்தன. அதே பையனால் ஒர்க்‌ஷீட்டில் இரண்டு நிமிடம் உட்கார முடியவில்லை என்றுதான் அம்மா அழைத்து வந்திருந்தார்.

உளவியலில் இதைப் போன்றே ஒரு சோதனை உண்டு. பிலிப் செலாசோ என்ற ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. படம் போட்ட அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள், பிறகு உருவப்படி பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விதி மாறிய பிறகும் நிறப்படியே பிரிப்பார்கள். புது விதி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள், கை மட்டும் பழைய இடத்துக்கே போகும். நாலு, ஐந்து வயதில்தான் மாறிக்கொள்ள வருகிறது. அதனால் "எத்தனை தடவை சொல்றது, புரியலையா?" என்று மூன்று வயதுப் பிள்ளையை அதட்டுவதில் பயனில்லை. அதற்குப் புரிந்திருக்கிறது, நிறுத்தத்தான் இன்னும் வரவில்லை. நிறுத்தப் பழகுவது நிறுத்தி நிறுத்தித்தான். ஸ்டாச்யூ சொன்னால் சிலையாக நிற்பது, தலை என்றால் காலைத் தொடுவது எல்லாம் அந்தப் பழக்கம்தான்.

கண்ணாமூச்சி இன்னொரு வகை. இரண்டரை வயதுக் குழந்தை தன் கண்ணைப் பொத்திக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கும், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நம்பும். அதே குழந்தை வளர வளர, தேடுபவர் எங்கே நிற்கிறார், அங்கிருந்து என்ன தெரியும் என்று கணக்குப் போடத் தொடங்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செருப்பை வேறு பக்கம் விட்டுவைக்கும் பிள்ளை, தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதைப் புரிந்துகொண்டுவிட்டது. நாலு வயதை ஒட்டி வரும் இந்தப் புரிதல் பின்னால் கதை புரிவதற்கும் நட்புக்கும் வேண்டும்.

கட்டம் போட்டு ஆடும் பாண்டி ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில்லு கிடக்கும் கட்டத்தை நினைவில் வைத்து, ஒற்றைக் காலில் சமநிலை பார்த்து, கோட்டை மிதிக்காமல் போய் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு "ரைட்டா?" என்று கேட்டு நடக்கும் கட்டத்தில், மொத்தப் படமும் தலைக்குள் இருந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாடு. அண்ணன் அக்காக்கள் ஆடும்போது அழுதுகொண்டு வரும் மூன்று வயதுப் பிள்ளையை விரட்டாமல், கணக்கில் சேர்க்காமல் ஆட்டத்தில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் கிடையாது. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். சில மாதம் இப்படித் தோற்கிற பயமே இல்லாமல் விதிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஒருநாள் "நான் ஒண்ணும் ஒப்புக்குச் சப்பாணி இல்ல, நானும் ஆட்டைக்கு வர்றேன்" என்று அதுவே சண்டை போடும். இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை. எல்லாரும் ஒரே வயதாக இருக்கும் வகுப்பறையில் இது நடக்காது. பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் கலந்து விளையாடினால்தான் நடக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். "நீ கோட்டை மிதிச்சே", "மிதிக்கலை" என்று பிள்ளைகள் வாதாடுவது நேர விரயம் அல்ல. விதியை வாயால் சொல்லி, ஆதாரம் காட்டி, எதிராளியைச் சம்மதிக்க வைக்கிறார்கள். பெரியவர்கள் பாய்ந்து போய்த் தீர்ப்புச் சொன்னால் அந்தப் பயிற்சி போய்விடும். அடிதடி ஆகாத வரை தள்ளி நின்று பாருங்கள். கோச், பீஸ், சர்டிபிகேட் என்று ஆக்கிவிட்டால் விதியைப் பெரியவர் வைப்பார், பிள்ளை கீழ்ப்படியும். அது வேறு பயிற்சி. தவறில்லை, ஆனால் இதற்கு ஈடாகாது.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு. திரை நேரம் ஒரு மணிக்குள். பிளாட்டில் இடமில்லையே என்பார்கள். கார் நிறுத்துமிடம், மொட்டை மாடி, காரிடார் எதுவும் போதும், வண்டி வராத நேரமும் கைப்பிடிச் சுவரும் பார்த்துக்கொண்டால் சரி. இடத்தைவிடக் கூட்டாளிகள் கிடைப்பதுதான் இன்று கஷ்டம். ஒரே மாடியில் இருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் ஆறு மணி முதல் ஏழு மணி வரை பிள்ளைகளைக் கீழே விடுவது என்று பேசி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. பாட்டியோ தாத்தாவோ ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

விளையாடினால் ஐக்யூ இத்தனை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விளையாட்டு எல்லாச் சிக்கலையும் தீர்க்கவும் செய்யாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை இழந்த பிள்ளை, நாலு வயதாகியும் மற்ற பிள்ளைகள் பக்கம் போகவே விரும்பாத பிள்ளை என்றால் "விளையாட விட்டால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பரிசோதனையும் தெரபியும் இலவசம். அங்கே போகும்போது பிள்ளை வீட்டில் எப்படி விளையாடுகிறது என்று போனில் எடுத்த சின்ன வீடியோ ஒன்று இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.