தண்ணீரே குடிக்காத வண்டு

“மழைக்கு முன்னால் ஒரு சிப்பம் அரிசி வாங்கி வைத்தேன். மாதம் முடிவதற்குள் வண்டு. டிரம்மை மூடித்தான் வைத்திருந்தேன், எங்கிருந்து வருகிறது? வேப்பிலை போட்டால் போதுமா?” வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கரண்டும் பாலும் இல்லாமல் நாட்களை ஓட்டிய பகுதி அது. அரிசி சேர்த்து வைக்கத் தோன்றுவது நியாயம்தான்.

வண்டு பெரும்பாலும் அரிசியோடேயேதான் வீட்டுக்கு வருகிறது. பெண் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் துளையிட்டு, ஒரு முட்டையை வைத்து, பசை மாதிரி ஒன்றால் அடைத்துவிடும். பார்த்தால் நல்ல அரிசி போலவே இருக்கும். உள்ளேயே புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வரும். வேப்பிலை வாசம் வெளியே திரியும் வண்டைக் கொஞ்சம் தொந்தரவு செய்யலாம். மணிக்குள் இருக்கும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அந்தப் புழு தண்ணீரே குடிப்பதில்லை. காய்ந்த அரிசியில் ஈரம் 12 முதல் 14 சதவீதம்தான். பின் எப்படி உயிரோடு இருக்கிறது? பள்ளியில் எழுதிய சுவாசச் சமன்பாடுதான் பதில்: சர்க்கரையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், ஆற்றல். பரீட்சையில் ஆற்றலைப் பற்றி எழுதி மார்க் வாங்கிவிட்டோம், தண்ணீரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு கிராம் மாவுச்சத்து எரிந்தால் அரை கிராமுக்கு மேல் தண்ணீர் கிடைக்கும். புழுவின் உடம்புக்குள்ளேயே ஒரு கிணறு! அது ஊற ஆக்சிஜன் வேண்டும்.

காற்றே புகாத டப்பாவில் அரிசியை அடைத்தால், உள்ளிருக்கும் ஆக்சிஜனைப் பூச்சிகளே மூச்சு விட்டுத் தீர்க்கின்றன. 21 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குக் கீழே போனதும் தின்பது நிற்கிறது, தண்ணீர் உற்பத்தியும் நிற்கிறது. போதாததற்கு, கிடைக்கும் கொஞ்சக் காற்றையாவது இழுப்போம் என்று பூச்சி தன் மூச்சுத்துளைகளை அகலத் திறக்கிறது. அதன் வழியே இருக்கிற ஈரமும் போகிறது. மூச்சு முட்டிச் சாகிறது என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது காய்ந்தே சாகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லாரி மர்டாக் குழுவினர் காராமணி வண்டை வைத்து 2012இல் இதை விளக்கினார்கள். 1980களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கேமரூனில், விவசாயிகளின் காராமணியைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை அது. அதில் உருவான காற்றுப் புகாத பை இவ்வளவுதான்: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒரு சாக்கு, மருந்து கிடையாது.

வாசகியின் டிரம் ஏன் தோற்றது என்பது இப்போது தெரிந்திருக்கும். தினமும் திறந்தால் தினமும் புதுக் காற்று. அரிசி குறையக் குறைய உள்ளே காற்றுக்கு இடமும் கூடுகிறது. அதனால் அவசரத்துக்கான அரிசியை, ரப்பர் வளையம் வைத்த சின்ன டப்பாக்களில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஒன்றைத் திறந்து தீர்த்த பிறகே அடுத்தது. ஈர அரிசியை மட்டும் இப்படி அடைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும்.

பருப்பை அமாவாசையன்று காயவைத்தால் வண்டு பிடிக்காது என்பவர்களுக்கு: வேலை செய்வது வெயில், திதி அல்ல. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. ராக்கெட் விட்டால் நேரலை பார்க்கிறோம், அரிசி வண்டை ஆராய்பவருக்கு நிதி கேட்க ஆள் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அடுப்பே எரியாத நாளுக்கு அவல் இருக்கட்டும். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடிக்கும்போதே ஓரளவு வெந்துவிடுவதால், குடிக்கிற தண்ணீரில் ஊறினாலே போதும். முட்டையிட முழு மணி தேடும் கூன்வண்டு அவலை விட்டுவிடும், சிவப்பு மாவு வண்டு விடாது. எனவே அதற்கும் அதே ரப்பர் வளைய டப்பாதான்.