5 பாகம் 11 ஆன கதை

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த விசைப்படகு டிரைவர் அண்ணன் ஒருவர், வலை மாட்டிக் கிழிந்த இடங்களையெல்லாம் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறார். பாறை, மூழ்கிக் கிடக்கும் படகு, என்னவென்றே தெரியாத இரும்பு என்று 300 இடம் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஆழம், பாகக் கணக்கில். கை இரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. இவற்றைப் பட்டியலிடவும், படகு இவற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று பார்க்கவும் ஒரு நிரல் எழுதி, முதல் பட்டியலைப் போனில் காட்டினேன். அண்ணன் கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி, வடகடல்ல 13 பாகத் தண்ணி எங்க இருக்கு? நான் சொன்னது 6. இது 5, இங்க 11ன்னு போட்டிருக்க. கடலைத் தோண்டிட்டியா?"

வடகடல் என்று அவர் சொல்வது பாக் விரிகுடாவை. 4 என்றது 9 ஆகியிருந்தது. 5, 11. 6, 13. இரட்டித்து ஒன்று கூட்டியது போல. கணக்கில் அப்படி எதையும் நான் எழுதவில்லை.

நிரலின் பெரும்பகுதி ரூபியில். எழுதச் சுலபமான ஸ்கிரிப்டிங் மொழி. யுகிஹிரோ மாட்சுமோட்டோ என்ற ஜப்பானியர் உருவாக்கி, 1995இல் வெளியிட்டது. சுலபத்துக்கு விலை வேகம். படகின் பாதை நொடிக்கு ஒரு புள்ளி என்றால் 12 மணி நேரத்துக்கு 43,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 300 இடங்களுக்குத் தூரம் பார்த்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 1.3 கோடிக் கணக்கு. 15 படகு, வாரம் மூன்று இரவு கடலுக்குப் போனால் 58 கோடி. ஓட்டிவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் முடிந்திருக்காது. அதனால் கணக்கு போடும் பகுதியை மட்டும் வேகமாக ஓடும் சி மொழியில் எழுதி, ரூபிக்குள் ஒட்டினேன். இப்படி ஒட்டுவதற்குத்தான் எக்ஸ்டென்ஷன் என்று பெயர்.

ஒட்டுவது என்றால் என்ன? ஏலக்கூடத்துக் கணக்கப்பிள்ளையின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆள் பெயர், வலப்பக்கம் ஆள் எங்கே இருப்பார் என்ற குறிப்பு. ரூபியில் ஒவ்வொரு கிளாஸும், அதாவது ஒவ்வொரு பொருள் வகையும், இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறது. 'தூரம்' என்று யாராவது கூப்பிட்டால் நோட்டில் அந்தப் பெயரைத் தேடி, எதிரே இருக்கும் நிரலை ஓட்டும். அந்த நோட்டில் ஒரு வரி எழுதுவதுதான் 'ஆர்பி டிஃபைன் மெத்தட்' என்ற சி ஃபங்ஷனின் வேலை. அதற்கு நாம் நான்கு விஷயம் கொடுக்கிறோம்: எந்தக் கிளாஸ், மெத்தடுக்கு (இப்படிக் கூப்பிடும் செயலுக்கு) என்ன பெயர், சி ஃபங்ஷனின் முகவரி, அது எத்தனை உள்ளீடு வாங்கும்.

அவ்வளவுதான். எழுதியபின், அந்த மெத்தட் ரூபியில் பிறந்ததா சியில் பிறந்ததா என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியாது. இது நம்மைப் போன்றவர்களுக்கென்று திறந்துவிட்ட கொல்லைப்புற வாசலும் அல்ல. ரூபியின் சொந்த அர்ரே, ஸ்ட்ரிங் வகைகளின் பெரும்பாலான மெத்தடுகளே இதே ஃபங்ஷனால்தான் நோட்டில் ஏறியிருக்கின்றன.

நோட்டில் எழுத முதலில் உள்ளே வர வேண்டுமே. 'ரெக்வயர் படகு' என்றதும் ரூபி அந்தப் பெயருள்ள கம்பைல் செய்த, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய, கோப்பைத் தேடி மெமரியில் ஏற்றுகிறது. பிறகு அதற்குள் 'இனிட் படகு' என்ற ஃபங்ஷனைத் தேடி, ஒருமுறை ஓட்டுகிறது. நோட்டில் எழுதும் வரிகளையெல்லாம் நாம் வைப்பது அங்கேதான். கோப்பின் பெயரும் இனிட்டுக்குப் பின்வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு பகலைத் தொலைப்பார்கள். அந்தக் கம்பைலர் ஃபங்ஷன் பெயர்களைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிவிடும். 'எக்ஸ்டர்ன் சி' என்று முன்னால் போட்டால்தான் பெயர் பெயராகவே இருக்கும்.

அடுத்து அந்த எண்ணிக்கை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை என்று நான்கு உள்ளீடு வாங்கும் மெத்தடுக்கு 4 என்று பதிகிறோம். ஆனால் சி ஃபங்ஷனில் ஐந்து இருக்க வேண்டும். முதலாவது 'செல்ஃப்', அதாவது எந்தப் பொருளின் மேல் மெத்தடைக் கூப்பிட்டார்களோ அந்தப் பொருள். ரூபிக்காரர் நாலுக்குப் பதில் மூன்று கொடுத்தால் ரூபியே தடுத்துப் பிழை சொல்லும். நாம் 4 என்று பதிந்துவிட்டு சியில் ஆறு எழுதியிருந்தால்? அழைக்கும் நேரத்தில் தடுக்க ஆளில்லை. ஆறாவது இடத்தில் பிராசஸரில் அப்போது எது கிடந்ததோ அது வந்து உட்காரும். இப்போதைய ரூபியின் ஹெடர் கோப்புகள் கம்பைல் செய்யும்போதே இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கப் பார்க்கின்றன. பழைய பதிப்புகளில் அந்தத் தயவும் கிடையாது. எத்தனை வரும் என்று தெரியாத மெத்தடுக்கு -1 என்று பதிந்தால், எண்ணிக்கையையும் உள்ளீடுகளின் வரிசையையும் அப்படியே கையில் கொடுத்துவிடும்.

இனி அண்ணனின் 11. ரூபியிலிருந்து சிக்கு வரும் எல்லாமே 'வேல்யூ' என்ற ஒரே வகை. ஸ்ட்ரிங், அர்ரே போன்றவற்றுக்கு அது மெமரி முகவரி. சின்ன முழு எண்ணுக்கும் தனியாக மெமரி ஒதுக்கி முகவரி கொடுப்பது வீண் செலவு. அதனால் எண்ணையே அந்த வேல்யூவுக்குள் திணித்து விடுகிறார்கள். ஆனால் எது முகவரி, எது எண் என்று பிரித்தறிய வேண்டுமே. பொருள்களின் முகவரிகள் எல்லாம் 8ஆல் வகுபடும், எனவே கடைசி பிட் எப்போதும் 0. அந்தக் காலி இடத்தை அடையாளமாக்கினார்கள். எண்ணை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி, கடைசியில் 1 போடு. இடப்பக்கம் தள்ளுவது என்றால் இரட்டிப்பது. 5 இரட்டித்து 10, கடைசியில் 1, ஆக 11.

நான் செய்த தப்பு, வந்த வேல்யூவை 'நம் டு லாங்' என்ற மாற்றியில் போட்டுப் பிரிக்காமல் அப்படியே ஆழமாகச் சேமித்தது. கம்பைலரும் முணுமுணுக்கவில்லை. அதன் கண்ணுக்கு வேல்யூவும் ஒரு முழு எண் வகைதான்.

திரும்பும் வழியில் கூத்து இன்னும் அதிகம். சியில் கிடைத்த விடையை மாற்றாமல் அனுப்பினால், 11 போய் ரூபியில் 5 என்று இறங்கும். 0 அனுப்பினால் 'ஃபால்ஸ்', ஏனென்றால் ரூபிக்குள் ஃபால்ஸின் வடிவமே 0. 64 பிட் கணினியில் 20 அனுப்பினால் 'ட்ரூ'. 24 அனுப்பினால் அதை மெமரி முகவரி என்று நம்பி அங்கே போய்ப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை, நிரல் அந்த இடத்திலேயே விழும். எனக்கு விழுந்திருந்தால் பரவாயில்லை. விழாமல் தப்பு விடை கொடுத்ததுதான் வம்பு.

இன்னொரு ஆபத்து உடனே வெளியே தெரியாது. ரூபி அவ்வப்போது குப்பை கூட்டும்: யாரும் பிடித்திருக்காத பொருள்களின் மெமரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கரையில் கயிறு கட்டாத வத்தையை அலை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. சி ஃபங்ஷன் ஓடும்போது அதன் உள்மாறிகளில் இருக்கும் பொருள்களை ரூபி தேடிப் பார்த்து விட்டுவைக்கும். ஆனால் எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான சியின் குளோபல் மாறியில் ஒரு பொருளை வைத்தால் அந்தக் கயிறு ரூபி கண்ணில் படாது. 'இந்த முகவரியைப் பார்த்துக்கொள்' என்று தனியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டாலும் வீட்டில் சோதிக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். படகில் போனபிறகு ஒருநாள் நிற்கும்.

இன்னொன்று, சி கணக்கு ஓடும் வரை ரூபியின் மற்ற த்ரெட்டுகள், அதாவது அதே நிரலுக்குள் கூடவே ஓடும் வேலைகள், காத்திருக்கும். பழைய பாம்பன் தூக்குப்பாலத்தில் கப்பல் கடந்து முடியும்வரை ரயில் மண்டபத்தில் நின்றது போல. நெடுங்கணக்கு என்றால் அவற்றை நிறுத்தி வைக்கும் பூட்டைத் தளர்த்திவிட்டுப் போட வழி உண்டு, ஆனால் அந்த நேரத்தில் ரூபி பொருள் எதையும் தொடக்கூடாது.

மற்ற மொழிகளும் இதே நோட்டைத் தங்கள் பழக்கத்தில் எழுதுகின்றன. 1993இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவாவில் எண்ணிக்கையே பதிவதில்லை. உள்ளீடுகள் ஓர் அடுக்கில் வரும், விடைகளையும் அதே அடுக்கில் வைத்துவிட்டு எத்தனை வைத்தோம் என்று சொன்னால் போதும். எனக்கு இதுதான் சுத்தமாகப் படுகிறது. பைத்தான் முழுப் பட்டியலையும் ஒரே அட்டவணையாகக் கேட்கிறது. கடைசியில் ஒரு வெற்று வரி போட மறந்தால், அட்டவணையைத் தாண்டியும் மெமரியை மெத்தட் பெயர் என்று வாசித்துக்கொண்டே போகும்.

மாற்றியைச் சேர்த்து, பட்டியலைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். 4, 5, 6 என்று ஒழுங்காக வந்தது. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அவர் குறித்த ஓர் இடத்தில் 11 என்று இருந்தது. அண்ணன் அதில் விரலை வைத்தார்.

"இது நெசப் பதினொன்னா, ஒன் பதினொன்னா?"