அருவியோடு வாழும் தட்டான்

தட்டான் என்றதும் குளமோ வயலோதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஸைகோனிக்ஸ் நடாலென்சிஸ் என்னும் ஆப்பிரிக்கத் தட்டானை அங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சஹாராவுக்குத் தெற்கே, ஆறு பாறையில் மோதி நுரைத்து ஓடுகிற இடங்களும் அருவிகளும்தான் அதன் வீடு. கருநீல உடம்பு, சுமார் 5 செ.மீ. நீளம். ஆண் அந்த நுரைக்கு மேலேயே போவதும் வருவதுமாக ரோந்து சுற்றும், உட்காருவது அபூர்வம். 1900-இல் வந்த அறிவியல் பெயரில் இருப்பது தென்னாப்பிரிக்காவின் நடால். (இதே பேரினத்தின் ஸைகோனிக்ஸ் ஐரிஸை நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பார்க்கலாம்.)

சரி, இத்தனை இரைச்சலில் எதற்குக் குடித்தனம்? தண்ணீருக்குள் பாறையைக் கவ்விக் கிடக்கும் அதன் இளம்பூச்சியைப் பார்த்தால் புரியும்.

தட்டானின் இளம்பூச்சி பின்பக்கத்தால் மூச்சு விடுகிறது. கேலியில்லை. சிறுவயதில் நாம் நூல் கட்டி விளையாடிய 'வால்' உண்மையில் தட்டானின் வயிறு. இளம்பருவத்தில் அதன் முனையில், மலக்குடலின் உட்சுவரில் செவுள்கள் மடிப்பு மடிப்பாக இருக்கும். வயிறு விரியும்போது தண்ணீர் ஆசனவாய் வழியே உள்ளே போகும், சுருங்கும்போது வெளியேறும். ஆபத்து வந்தால் அதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, ராக்கெட் மாதிரி முன்னால் பாயும்.

ஆனால் தண்ணீரில் கிடைக்கிற ஆக்சிஜன் கொஞ்சம்தான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் நன்னீரில் கரைவதோ 8 மில்லிகிராம். இலை அழுகும் குட்டையில் அதுவும் இரவில் தீர்ந்துபோகலாம். அருவியில் அந்தக் கவலை இல்லை. விழுகிற தண்ணீர் காற்றைக் குமிழ் குமிழாக இழுத்துக்கொண்டு போவதால், செலவான ஆக்சிஜன் உடனுக்குடன் நிரம்பிவிடும். இரையும் அங்கேயே உண்டு: ஆற்றுக் குருட்டு நோயைப் பரப்பும் கருப்பு ஈக்களின் புழுக்கள் ஒட்டி வளர்வது இப்படிப்பட்ட பாறைகளில்தான்.

அடித்துக்கொண்டு போகாதா? உராய்வினால் பாறையை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு மெதுவாகத்தான் நகரும். உறுதியான கால்களால் பாறையைப் பற்றி, உடம்பை அதோடு ஒட்டி வைத்துக்கொண்டால் வெள்ளம் தலைக்கு மேலே போய்விடும். ராக்கெட் பாய்ச்சலை இங்கே யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பிடி விட்டால் எங்கே போய்ச் சேருமோ!

அதனால் அணை கட்டினால் முதல் அடி இளம்பூச்சிக்குத்தான். மேலே தேங்கும் தண்ணீரில் நுரை அடங்கும், பாறையில் வண்டல் படியும். இறகு முளைத்த தட்டான் வேறு அருவி தேடிப் பறந்துவிடும். பாறையில் இருப்பதற்கு அந்த வசதி கிடையாது.