அனலாக் என்றால் போலியா?

அபினியைப் போல உடலில் வேலை செய்யும் மருந்துகள் ஓபியாய்டு. அப்படி ஒன்றின் மூலக்கூறு அமைப்பைச் சற்றே மாற்றினால் வருவது அதன் அனலாக். இந்த ஓபியாய்டு அனலாக் என்பதற்கு 'அபினிப் போலி' என்று ஒரு மொழிபெயர்ப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. காரைக்குடியில் ஒரு கூட்டத்தில் தமிழறிந்த பெரியவர் ஒருவரே இதை மேடையில் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேர்க்கதை சின்னதுதான். கிரேக்கத்தில் 'ஓபோஸ்' என்றால் சாறு. அதிலிருந்து ஓபியம், அரபி வழியாக நமக்கு அபின், அபினி. 'ஆய்டு' என்றால் உருவத்தில் ஒத்தது, அனலாக் என்றால் ஒப்பானது, அவ்வளவுதான். செடி வேறெதுவும் இல்லை, நம் ஆச்சிமார் குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கிற கசகசாவின் செடிதான். ஆனால் சாறு வருவது விதையிலிருந்து அல்ல, பச்சைக் காயைக் கீறினால்.

சரி, போலிக்கு வருவோம். பெரியவர் நன்னூலைத் துணைக்கு அழைத்தார். அறம் என்பது அறன் ஆவதுபோல ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வருவதுதானே போலி, மூலக்கூறில் ஓர் அணுத் தொகுதிக்குப் பதில் இன்னொன்று வருவதும் அதுதானே என்றார். கேட்க அழகுதான், ஆனால் இலக்கணப் போலியின் உயிரே பொருள் மாறாமை. வேதியியலாளர் தொகுதியை மாற்றுவதே என்ன மாறுகிறது என்று பார்க்கத்தான். ஆக்சிமார்போன் வலுவான வலி மருந்து. அதன் நைட்ரஜனில் இருக்கும் மீத்தைல் என்ற தொகுதியின் இடத்தில் அல்லைல் என்ற தொகுதி வந்தால் அது நாலாக்சோன், 1960களின் தொடக்கத்தில் வந்தது. உடலில் ஓபியாய்டுகள் போய் ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர்; அதே ஏற்பியில்தான் இதுவும் போய் உட்காரும், ஆனால் வலியையும் அடக்காது, போதையும் தராது. அங்கே இருக்கும் மார்பீனை, அதாவது அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தை, தள்ளிவிட்டு, அது அளவு மீறியதால் நிற்கப்போன மூச்சை மீட்டுத் தரும். இங்கே அறம் அறன் ஆகவில்லை ஐயா, மறம் ஆகிவிட்டது!

இலக்கணத்தை விடுங்கள், தெருவில் போலி மருந்து என்றால் கள்ள மருந்து. தேவகோட்டையில் புற்றுநோய் வலிக்கு ஃபெண்டனில் என்ற ஓபியாய்டின் ஒட்டுப்பட்டை போட்டிருந்த ஆச்சி ஒருவர், கூடவே கொடுத்த தமிழ்த் துண்டுத்தாளில் 'போலி' என்று பார்த்துவிட்டு, "போலியை ஏம்ப்பா ஒட்டி விட்டிருக்காக?" என்று பிய்த்தெடுக்கப் போனார். எழுதியவருக்கு அகராதி போதும், படிப்பவர் நினைவே வராது போல.

இன்னொரு கூட்டம் எல்லாவற்றையும் 'செயற்கைப் போதைப்பொருள்' என்கிறது. மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கு வாங்குகிற லோபெரமைடும் செயற்கை ஓபியாய்டுதான். வழக்கமான அளவில் மூளைக்குள் போவதே இல்லை, அப்புறம் எங்கே போதை?

என் கட்சி இது: ஓபியாய்டுக்கு அபினியினம், அனலாக்குக்கு ஒப்புரு. இரண்டையும் பிரித்து வைக்கக் காரணம் உண்டு: முன்னது வேலையைப் பார்த்து வைத்த பெயர், பின்னது அமைப்பைப் பார்த்து வைத்த பெயர். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் தசைப்பிடிப்புக்கு மருந்து தேடியபோது பெத்திடின் என்ற செயற்கை ஓபியாய்டு கிடைத்தது, வலியடக்குவது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வழியில் போய் 1960இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் ஃபெண்டனிலை உருவாக்கினார். மார்பீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியம், ஆனால் அமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மார்பீன் சாயல் லேசில் தெரியாது. உட்காரும் ஏற்பி ஒன்றுதான்: ஒரே கோவில் பங்காளிகள், முகம்தான் வேறு. ஆகவே ஃபெண்டனில் அபினியினம், மார்பீனின் ஒப்புரு என்று சொல்வது அவ்வளவு பொருந்தாது. சூஃபெண்டனில், யானையை மயக்கப் பயன்படும் கார்ஃபெண்டனில், இரத்த நொதிகளால் சில நிமிடங்களில் சிதையும்படி வடிவமைத்த ரெமிஃபெண்டனில், இவைதான் ஃபெண்டனிலின் ஒப்புருக்கள்.

மருந்துப் பெயர்களில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். மார்பீனுக்கு 'துயிலியம்' என்று யாராவது எழுதி, அதைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்டினால் என்ன கிடைக்கும்?