டெலிகேஷன்: பகிர்வா, ஒப்படைப்பா?

மேலாண்மை பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் டெலிகேஷன் (மேலாளர் தன் வேலையையும் அதிகாரத்தையும் கீழே உள்ளவரிடம் கொடுப்பது) என்று வரும் இடத்தில் ‘அதிகாரப் பகிர்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். பயிற்சி வகுப்பு, காணொளி, கையேடு, எங்கும் இதேதான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பை நீட்ட வேண்டாம். லத்தீனில் ‘டெலெகாரே’ என்றால் ஒரு காரியத்தை ஒருவரிடம் கொடுத்து, தன் சார்பில் செய்யச் சொல்வது. ‘தன் சார்பில்’ என்பதுதான் இதில் முக்கியம்.

சரி, பகிர்வுக்கு வருவோம். பகு, பகிர் எல்லாமே கூறுபோடுகிற சொற்கள். பகிர்ந்துவிட்டால் உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு. உன் பங்கை என்ன செய்தாய் என்று நான் கேட்க முடியாது. டெலிகேஷனில் அப்படியா நடக்கிறது? ஒரு மேலாளர் தன் உதவியாளரிடம் “இனிமே ஷிப்ட் பட்டியலை நீங்களே போடுங்க, லீவும் நீங்களே கொடுங்க” என்கிறார். அவர் ஒரே நாளில் மூன்று பேருக்கு லீவு கொடுத்து வேலை நின்றுபோனால் மேலிடம் யாரைக் கூப்பிடும்? மேலாளரைத்தான். “அது அவருடைய பங்கு” என்று சொல்லி அவர் தப்ப முடியாது. ஆனால் உதவியாளரிடம் கணக்குக் கேட்கலாம், கொடுத்த அதிகாரத்தை நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதிகாரத்தைக் கீழே கொடுக்கலாம், பதில் சொல்லும் கடமையைக் கொடுக்க முடியாது என்பது மேலாண்மையின் பாலபாடம். பகிர்வு என்ற சொல் அதைத்தான் மறைக்கிறது.

அதுவும் போக, பகிர்வுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 1987-இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தையும் மாகாண சபைகளையும் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகாரப் பகிர்வு என்கிறார்கள். அங்கே பிரித்துக் கொடுப்பது அரசியலமைப்பு (போதுமான அளவு கொடுத்ததா என்பது தனிச் சண்டை). முடிவெடுக்கும் உரிமையையே கிளைகளுக்கு நிலையாக இறக்கிவிடுவதற்கு அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல்லும் இருக்கிறது. எல்லாவற்றையும் பகிர்வில் போட்டு அடைத்தால் எது எதைக் குறிக்கிறது என்று படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பகிர்வு என்றால் கேட்க இதமாக இருக்கிறது, சமத்துவமாகத் தெரிகிறது என்கிறார்கள். இதம் வேண்டுமென்றால் வாழ்த்து அட்டை எழுதலாம்.

நான் எழுதுவது ‘ஒப்படைப்பு’. ஒப்படைத்தால் கைகழுவியது போலத் தொனிக்கிறதே என்று ஒரு மறுப்பு வரும். வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் வீட்டையா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்?

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்கிறது குறள் 517. பகிரச் சொல்லவில்லை, விடச் சொல்கிறது. அடுத்த குறளைத்தான் பலரும் படிப்பதில்லை: ‘வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்’. வேலையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அவனை அதற்கு உரியவனாகவும் ஆக்க வேண்டும். பட்டியல் போடும் வேலையைத் தள்ளிவிட்டு, லீவுக் கையெழுத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிற மேலாளர்கள் 517-லேயே நின்றுவிடுகிறார்கள். ‘பணியை ஒப்படைத்தார், அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை’ என்று ஒரே வினையை வைத்து இதைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் இந்த மொழிபெயர்ப்பாளர்கள். ‘மேலாளர்கள் பணிகளைப் பிரதிநிதித்துவப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். பணிகள் என்ன தேர்தலிலா நிற்கின்றன? மாநாட்டுக்கு வருகிற டெலிகேட்டைப் பிரதிநிதி என்றோ, இன்னும் நல்ல தமிழில் பேராளர் என்றோ சொல்வது சரி. அது பெயர்ச்சொல். வினையாக வந்தால் ‘ஒப்படை’ என்று எழுதுங்கள், நான்கே எழுத்துதான்.