கோல் எந்த வீட்டுக்கு முதலில் வருகிறது?

2022 டிசெம்பர் 18 ஆம் திகதி இரவு, கட்டாரின் லுசைல் அரங்கில் ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் மோதிய உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தைத் திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் விழித்திருந்து பார்த்தது. மேலதிக நேரத்தில், 108 ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி கோல் போட்டபோது அந்த ஆரவாரம் ஒரே தடவையில் எழவில்லை. முதலில் மூலை வீட்டில் எழுந்தது. சில செக்கன்கள் கழித்து எங்கள் வீட்டில். அதற்கும் நெடுநேரம் பின்னர், மதிலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களிடத்தில். ஊரே ஏன் கத்துகிறது என்று விளங்காமல் அவர்கள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய திரையில் பந்து இன்னும் கோலை நெருங்கவே இல்லை. மூன்று திரைகளிலும் 'நேரலை' என்றுதான் எழுதியிருந்தது.

அரங்கில் இருந்த 88,966 பேருக்காவது அந்தக் கோல் ஒரே கணத்தில் கிடைத்ததா என்று கேட்டால், கண்ணுக்கு ஆம், காதுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால் ஆடுகளத்திலிருந்து கடைசி வரிசைக்கு வர அதற்கு ஒரு மைக்ரோசெக்கனே போதும். ஒலியோ, 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் செக்கனுக்கு 343 மீற்றரும் 30 பாகையில் சுமார் 349 மீற்றரும் மட்டுமே செல்லும். ஆகவே பந்திலிருந்து 150 மீற்றர் தள்ளி மேல்தட்டில் இருப்பவர், கால் பந்தைத் தொட்டதைக் கண்டு ஏறத்தாழ 0.4 செக்கன் கழித்தே அந்த 'டப்' என்ற சத்தத்தைக் கேட்பார். இதை அறிய லுசைலுக்குப் போக வேண்டியதில்லை. நம்முடைய ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு கோல் கம்பத்தின் பின்னால் நின்றுகொண்டு மறுமுனையில் கோல்காப்பாளர் உதைக்கும் பந்தைப் பார்த்தால் போதும். பந்து காற்றில் எழுந்த பிறகுதான் உதை காதில் விழும். கடற்கரையில் தொலைவில் தோணி செப்பனிடுபவரின் சுத்தியல் மேலே போகும்போது அடி கேட்பதை இந்த ஊரில் பார்த்திராதவர்கள் குறைவு.

வீட்டிலிருப்பவருக்கு இந்தப் பிளவு இல்லை. ஆடுகளத்தின் ஓரங்களில் வைக்கப்படும் ஒலிவாங்கிகள் உதையின் ஓசையை அண்மையிலேயே பிடித்து மின்குறியாக மாற்றிவிடுகின்றன. அதன் பின்னர் அது படத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. எனவே, அரங்கில் இருப்பவர் நிகழ்வை உடனே கண்டு பிந்திக் கேட்கிறார். வீட்டில் இருப்பவர் முழுவதையும் பிந்திப் பெற்றாலும் காட்சியையும் ஓசையையும் ஒன்றாகப் பெறுகிறார். இந்த ஒற்றுமையைக் காப்பாற்றுவதற்கு ஒளிபரப்பாளர்கள் படும் பாடு சிறிதன்று, ஏனெனில் படத்தைக் கையாள நேரம் அதிகம் எடுப்பதால் ஒலியை வேண்டுமென்றே நிறுத்திவைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையின்படி, ஒலி படத்தை 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்வையாளர் குறையைக் கண்டுபிடித்துவிடுவார். பிந்துவதென்றால் 125 மில்லிசெக்கன் வரை அவர் கவனிப்பதில்லை. மின்னலுக்குப் பின் இடி என்ற ஒழுங்கிலேயே பழகிய மூளைக்கு, ஒலி முந்துவது இயற்கைக்கு மாறானதாகத் தோன்றுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம்.

இனி அந்தச் சில செக்கன்களுக்கு வருவோம். கட்டார் தொலைவில் இருப்பதால்தான் தாமதம் என்று பலரும் எண்ணுகிறார்கள். தொலைவின் பங்கு மிகச் சிறியது. ஒளிபரப்புச் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் நம் கூரையிலுள்ள டிஷ் அன்டெனாவுக்கு அசையாமல் நிற்பவை போலத் தெரிகின்றன. அங்கே ஏறி மீண்டும் இறங்க வானொலி அலைக்கு ஏறத்தாழ கால் செக்கன் வேண்டும். அரங்கிலிருந்து ஒளிபரப்பு நிலையத்துக்கு ஒரு தடவை, அங்கிருந்து நம் வீட்டுக்கு மற்றொரு தடவை என்று இரண்டு முறை ஏறி இறங்கினாலும் அரைச் செக்கன்தான். கடலடிக் கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், 15,000 கிலோமீற்றர் சுற்றி வந்தாலும் செக்கனில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் கழியும்.

தாமதத்தின் பெரும்பகுதி படத்தைச் சுருக்குவதில் உண்டாகிறது. உயர்தரக் காட்சியின் ஒரு படத்தில் 1920 க்கு 1080, அதாவது 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட்டுகள், செக்கனுக்கு 50 படங்கள் என்று கணக்கிட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 250 கோடி பிட்டுகள். வீட்டுக்கு வரும் வழியிலோ ஒரு அலைவரிசைக்கு ஒரு கோடி பிட் அளவில்தான் இடம் கிடைக்கும். இருநூற்றைம்பதில் ஒரு பங்காக்கினால்தான் அனுப்பலாம்.

எப்படிச் சுருக்குகிறார்கள்? சுவாமி மலைப் பாறையையும் அதன் அடியில் மோதும் கடலையும் ஒருவர் கமராவை அசைக்காமல் படமெடுத்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பாறையை ஒவ்வொரு தடவையும் அனுப்புவது வீண்வேலை. ஒரு தடவை முழுப்படத்தை அனுப்பிவிட்டு, அதன் பின்னர் அலைகள் மாறிய விதத்தை மட்டும் அனுப்பினால் போதும். உதைபந்தாட்டத்தில் கமரா ஓயாமல் திரும்புவதால் பாறை போல் நிலையாக நிற்பது எதுவுமில்லை. ஆனாலும் புல்தரை மொத்தமாக ஒரு பக்கம் நகர்கிறது. எனவே 'இந்தத் துண்டு இத்தனை புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது' என்று சொன்னால் சுருங்கிவிடும். ஒரு படத்தை அதற்கு முந்திய படத்தோடு மட்டுமன்றிப் பிந்திய படத்தோடும் ஒப்பிட்டால் இன்னும் சுருக்கலாம் என்பதில்தான் நேரம் பிடிக்கிறது, ஏனென்றால் பிந்திய படம் வந்துசேரும் வரை இந்தப் படத்தை அனுப்ப முடியாது. அடுத்து என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டே இப்போது நடந்ததைச் சொல்லும் கதைசொல்லியின் வேலை இது. அரங்கிலிருந்து வரும்போது ஒரு முறை, வர்ணனையும் சின்னமும் சேர்த்த பிறகு இன்னொரு முறை, உள்ளூர் சேவையாளரிடத்தில் மற்றொரு முறை என்று சுருக்குவதும் விரிப்பதும் மீள மீள நடப்பதால், ஒவ்வொன்றிலும் கழியும் சிறு நேரம் கூடிச் சில செக்கன்களாகிவிடுகிறது. மூலை வீட்டுக்காரரும் நாங்களும் வெவ்வேறு சேவைகளின் வழியாகப் பார்த்ததால் எங்களுக்கிடையே இருந்த இடைவெளி இதுதான்.

மதிலோரத்து இளைஞர்களின் நிலை வேறு. இணையத்தின் வழியே வரும் ஆட்டம் பொதுவாக 2 முதல் 10 செக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒரு துண்டு முழுமையாக உருவான பின்னரே அதை எடுத்துச் செல்ல முடியும். பரவலாகப் பயன்படும் ஒரு நியமம், இறுதித் துண்டிலிருந்து மூன்று துண்டளவாவது பின்தங்கியே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும் என்கிறது. வலையமைப்பு இடையில் தடுமாறினாலும் படம் நிற்காமல் ஓடக் கையிருப்பு வேண்டும் என்பதே அதன் நியாயம். துண்டு 6 செக்கன் என்றால் தாமதம் அந்த இடத்திலேயே 18 செக்கன். துண்டுகளை மேலும் சிறிதாக்கி அனுப்பும் புதிய முறைகள் இதைக் குறைக்கின்றன. ஆனால் கையிருப்பு குறையக் குறைய, சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பும் கூடும். டிஷ் வைத்திருப்போரும் அதிகம் பெருமைப்பட முடியாது. செய்மதி அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் இருப்பதால் கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. இங்கே டிசெம்பர் என்பது வாடை மழையின் மாதம்.

இவை எல்லாவற்றையும் முந்துவது கைத்தொலைபேசியில் வரும் ஒரு வரிச் செய்தி. அரங்கில் இருக்கும் ஒருவர் விசையொன்றை அழுத்தினால் 'கோல்' என்ற சொல் உலகைச் சுற்ற ஒரு செக்கன்கூட வேண்டாம், ஏனெனில் அதில் சுருக்க எதுவுமில்லை. இறுதியாட்டத்தன்று அறிவித்தல்களை நிறுத்திவைக்காதவர்கள் தங்களுடைய மகிழ்ச்சியைத் தாங்களே திருடிக்கொண்டவர்கள்.

நேரத்தை விட்டு இடத்துக்கு வந்தால் கணக்கு வேறு விதமாகிறது. ஆடுகளத்தின் நீளம் 105 மீற்றர், அகலம் 68 மீற்றர். நடுக்கோட்டுக்கு நேரே, 60 மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவரின் கண்ணில் அந்த நீளம் ஏறத்தாழ 82 பாகையை நிரப்பும். 43 அங்குலத் தொலைக்காட்சியை 3 மீற்றர் தள்ளியிருந்து பார்ப்பவருக்கோ முழுத் திரையுமே 18 பாகைதான். அரங்கிலிருப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டிலிருப்பவருக்காக வேறொருவர் கமராவைத் திருப்புகிறார். பிரதான கமரா பெரும்பாலும் பந்தைச் சுற்றிய பகுதியை மட்டுமே காட்டுகிறது. பந்து வலப்பக்கத்தில் இருக்கும்போது இடப்பக்கத்துப் பின்கள வீரர் மெல்ல முன்னேறுவதும், எதிரணியின் நடுக்களத்தினர் அவரைக் கண்டு ஒருவருக்கொருவர் கைகாட்டுவதும் திரையில் இல்லை. வெட்டவெளியிலிருந்து ஒரு வீரர் திடீரென முளைத்துக் கோல் போட்டதாக வர்ணனையாளர் வியக்கும்போது, அரங்கின் மேல்தட்டில் இருப்பவர் அந்த ஓட்டத்தைத் தொடக்கம் முதலே பார்த்திருப்பார். மேல்தட்டு மலிவான இடம் என்று இகழப்பட்டாலும், ஆட்டத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பதே என் எண்ணம்.

ஓஃப்சைட் விடயத்திலோ, அதாவது சகவீரர் பந்தை உதைக்கும் கணத்தில் தாக்குபவர் தடுப்பவர்களைத் தாண்டிக் கோலுக்கு அருகே நின்றாரா என்பதிலோ, வீட்டிலிருப்பவருக்கே வெற்றி. தாக்குபவரும் தடுப்பவரும் நிற்கும் கோட்டுக்குச் சரியாக நேரே இல்லாத கண்ணுக்கு, இருவரில் யார் முன்னே என்பது பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறித் தெரியும். கோட்டிலிருந்து சற்றே விலகி நிற்கும் உதவி நடுவரின் பிழைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். உதவி நடுவருக்கே அப்படியென்றால் மூலையிலிருந்து கத்தும் இரசிகரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ஒளிபரப்புப் படத்தில் கோடு வரைந்து பார்ப்பதும் முழுத் தீர்வாகாது. செக்கனுக்கு 50 படங்கள் என்றால் இரண்டு படங்களுக்கிடையே செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடுபவர் 16 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். பந்து எந்தக் கணத்தில் காலை விட்டுப் பிரிந்தது என்பதே அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளலாம். அதனால்தான் கட்டாரில் பந்தினுள்ளேயே செக்கனுக்கு 500 தடவை அசைவை அளக்கும் உணரியொன்றை வைத்தார்கள். கூரையின் கீழிருந்த 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைச் செக்கனுக்கு 50 தடவை பின்தொடர்ந்தன. நவம்பர் 22 ஆம் திகதி சவூதி அரேபியாவுக்கு எதிராக ஆர்ஜென்டீனாவின் மூன்று கோல்கள் முதல் பாதியிலேயே ஓஃப்சைட் எனச் செல்லாமற் போனது நினைவிருக்கும்.

அரங்கிலிருப்பவரிடம் மட்டுமே இருக்கும் ஒன்று, அவருடைய சத்தம் ஆடுகளத்தை அடைகிறது என்பது. வீட்டில் எவ்வளவு கத்தினாலும் நடுவருக்குக் கேட்காது. அரங்கில் கத்தினால் அரைச் செக்கனுக்குள் கேட்டுவிடும். அதனால் தீர்ப்பு மாறுமா? 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், லிவர்பூலுக்கும் லெஸ்டர் சிற்றிக்கும் இடையே நடந்த ஆட்டமொன்றின் 47 மோதல்களை 40 நடுவர்களுக்கு ஒளிப்பதிவாகக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் கூட்டத்தின் இரைச்சலோடும் மற்றவர்கள் ஓசையின்றியும் பார்த்தனர். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான தவறுகளையே அறிவித்தார்கள். கொவிட் காலத்தில் வெற்று அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, பல நாடுகளில் சொந்த மைதான அனுகூலம் தேய்ந்ததையும், விருந்தாளி அணிக்கு மஞ்சள் அட்டை கிடைப்பது குறைந்ததையும் ஆய்வாளர்கள் கண்டனர். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் கேட்ட ஆரவாரம், கணினி விளையாட்டொன்றுக்காகச் சேமித்து வைத்திருந்த ஒலிகளிலிருந்து ஒருவர் இருந்து கலந்தது. பந்து கோலை நெருங்க நெருங்க அவர் ஓசையைக் கூட்டினார். வீட்டிலிருந்த நமக்கு அது பிடித்திருந்தது. ஆடியவர்களுக்கு அது கேட்கவே இல்லை.

வீட்டிலிருந்து பார்ப்பது அரங்கை வெறுமையாக்கிவிடும் என்ற அச்சம் பழையது. அதற்காகவே இங்கிலாந்தில் 1960 களிலிருந்து சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரடியாக ஒளிபரப்பத் தடை இருக்கிறது. சிறிய கழகங்களின் நுழைவுச்சீட்டு வருமானத்தைக் காப்பதே நோக்கம். அத்தடை அந்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை, மான்செஸ்டரில் அரங்குக்கு அடுத்த தெருவில் குடியிருந்தும் நுழைவுச்சீட்டு கிடைக்காதவர் தொலைக்காட்சியில் பார்க்க முடியாமல் வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாளரத்தைத் திறந்தால் அரங்கின் இரைச்சல் அவருக்கு உடனே கேட்கும். குளிர்காலத்தில் அதே ஆட்டம் திருகோணமலையில் இரவு 8.30 மணிக்குத் தெளிவான படமாக வருகிறது, சில செக்கன்கள் பிந்தி.