கலர் தூக்கலான படங்கள்: ஸ்லைடரைத் தொடும் முன்

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் படங்களில் பலவற்றோடு ஒரே குறிப்புதான் வரும்: "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கு, குறைச்சுக் குடுங்க." நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன் ஸ்லைடரை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் வேலை முடிந்தது என்றுதான் அனுப்பியவர் நினைத்திருப்பார். தள்ளிப் பார்த்தால் சிவப்புப் பூ மங்கிய சிவப்புப் பூவாகிறது, அவ்வளவுதான். இதழின் மடிப்பும் நரம்பும் திரும்பி வருவதில்லை. அவை ஃபைலிலேயே இல்லை. கலர் அதிகம் என்று நாம் குறைப்படும் படத்தில் பெரும்பாலும் விவரம்தான் தொலைந்திருக்கும்.

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0-க்கும் 255-க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். வெயிலில் நிற்கும் செம்பருத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதழின் மேட்டில் சிவப்பு 250, மடிப்பில் 235. அந்த 15 எண் வித்தியாசத்தைத்தான் கண் மடிப்பாகப் பார்க்கிறது. கேமரா நிறத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது 250 போய் 255-இல் முட்டி நிற்கிறது. பின்னாலேயே 235-உம் வந்து அங்கேயே முட்டுகிறது. இரண்டும் ஒரே எண் ஆனபின் மடிப்பு ஏது? அதே நேரத்தில் பச்சையும் நீலமும் கீழே இறங்கி 0-வை நெருங்குகின்றன. கடைசியில் மிஞ்சுவது பூ வடிவத்தில் கத்தரித்து ஒட்டிய சிவப்புக் காகிதம். சாச்சுரேஷனைக் குறைத்தால் காகிதம் வெளிறும், மடிப்பு விழாது.

எடுக்கும்போதே இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. பல கேமராக்கள் முதலில் காட்டுவது மொத்த வெளிச்சத்துக்கான ஒற்றை ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டான புள்ளிகள் எத்தனை, வெளிச்சமான புள்ளிகள் எத்தனை என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசமாகப் படும் என்பதால் வெளிச்சக் கணக்கிலும் அதற்கே பெரும் பங்கு: எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தரத்தில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. ஆகவே சிவப்பு உச்சியில் முட்டி நின்றாலும் அந்த வரைபடம் சாதுவாக நடுவில் உட்கார்ந்திருக்கும். நீலம் இன்னும் மோசம். மேடையில் எல்இடி விளக்கடியில் பாடகரின் முகம் நீலத்தில் கரைந்தே போயிருக்கும், ஹிஸ்டோகிராமோ படம் இருட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) ஏற்றினால் கதை முடிந்தது.

மெனுவில் தேடி, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் செய்து வையுங்கள். பூ, சிவப்பு உடை, அந்தி வானம் எடுக்கும்போது ஏதாவது ஒரு நிறம் வலது ஓரத்தில் மோதி நின்றால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்பில் தொடங்கித் தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தில் பாதி) வரை இறக்குங்கள். திரையில் படம் இருட்டாகத் தெரியும். தெரியட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு விஷயம்: பெரும்பாலான கேமராக்களில் ராவாக (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் ஃபைலாக) எடுத்தாலும் அந்த ஹிஸ்டோகிராம் உள்ளே தயாராகும் ஜேபெக்கை வைத்துத்தான் வரையப்படுகிறது. அதனால் கேமராவே நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் பிக்சர் ஸ்டைல் அமைப்பு விவிட் என்றோ லேண்ட்ஸ்கேப் என்றோ இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டால் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே போகலாம். வெளிச்சத்தின் சாயலுக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் இதில் கூட்டாளி. கிளவுடி, ஷேட் போன்றவை சிவப்பைக் கூடுதலாகப் பெருக்கும். வெயிலில் எடுக்கும்போது தெரியாமல் அதிலேயே விட்டிருந்தால் முகமெல்லாம் ஆரஞ்சு அடிக்கும். நிறத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆசை டிஜிட்டலோடு வந்ததும் இல்லை. 1990-இல் வந்த ஃபியூஜியின் வெல்வியா ஸ்லைடு ஃபிலிம் இயற்கைப் படக்காரர்களிடம் பேர் வாங்கியதே அடர்த்தியான நிறத்துக்காகத்தான். முகம் எடுப்பவர்கள் அதிலிருந்து தள்ளியே நின்றார்கள்.

சரி, கையில் இருப்பது ஏற்கெனவே கெட்டுப்போன ஜேபெக். என்ன செய்யலாம்? ஃபோட்டோஷாப்பில் மூன்று நிறங்களையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும் சேனல்ஸ் பேனலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். செம்பருத்தியின் சிவப்புச் சேனல் வெறும் வெள்ளையாகக் கிடக்கும். பச்சைச் சேனலைத் தட்டினால் சில சமயம் ஆச்சரியம் காத்திருக்கும்: இருட்டாக இருந்தாலும் நரம்பும் மடிப்பும் அங்கே உயிரோடு இருக்கும். அந்தச் சேனலை நகலெடுத்துப் புது லேயராக ஒட்டி, பிளெண்ட் மோடை லுமினோசிட்டிக்கு (நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது) மாற்றி, பூ மட்டும் படும்படி மாஸ்க் போடுங்கள். பூ சட்டென்று கறுத்துவிடும். அந்த லேயரைக் கர்வ்ஸில் வெளிச்சமாக்கி, ஒபேசிட்டியை 20, 30 சதவீதத்துக்கு இறக்கினால் இதழ் மெல்ல இதழாகும். அதற்குப் பிறகு சாச்சுரேஷனைக் குறைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். மூன்று சேனலிலும் ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுவதுதான் நல்லது. அந்த இடத்தில் விவரம் என்று எதைக் காட்டினாலும் அது வரைந்து சேர்த்தது.

ரா ஃபைல் இருந்தால் நிலைமை வேறு. 14 பிட் ராவில் ஒரு சேனலுக்கு 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256-தான். கேமராவின் விவிட் அமைப்பும் அதில் பதிந்து நிற்பதில்லை. ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்திருந்தால் ராவும் காப்பாற்றாது. நான் முதலில் படத்தின் அடிப்படை நிறத்தை முடிவுசெய்யும் புரொஃபைலைத்தான் மாற்றுவேன், லைட்ரூம் என்றால் நியூட்ரலுக்கு. பிறகு எக்ஸ்போஷர். அதன்பிறகும் சிவப்பு அடித்தால் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்தும் எச்எஸ்எல் பகுதியில் சிவப்பின் லுமினன்ஸை (வெளிச்சத்தை) இறக்குவேன், சாச்சுரேஷனை அல்ல. உச்சியில் முட்டிக்கொண்டிருக்கும் எண்ணுக்கு அது இடம் விடுகிறது, நிறமும் செத்துப்போவதில்லை. மேடையின் நீலத்துக்குக் கேலிப்ரேஷன் பகுதியில் புளூ பிரைமரியின் சாச்சுரேஷனைக் குறைத்துப் பாருங்கள். பல படங்களில் முகத்தின் வடிவம் அங்கேதான் மீளும்.

எடிட்டிங்கில் தெரியாமல் ஏறும் நிறம் தனிக் கதை. சாச்சுரேஷனைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள், உண்மையாகவும் இருக்கும். கர்வ்ஸில் கான்ட்ராஸ்ட் ஏற்றினாலே நிறமும் கூட ஏறும். பெரிய எண் மேலே போகிறது, சிறிய எண் கீழே போகிறது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதானே நிறத்தின் அடர்த்தி! கர்வ்ஸ் லேயரையும் லுமினோசிட்டி மோடில் வைத்தால் இது பெரும்பாலும் அடங்கும். நிறம் வேண்டும்தான் என்றால் சாச்சுரேஷனைவிட வைப்ரன்ஸ் மேல். ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை அது அவ்வளவாகத் தூக்காது, சருமத்திலும் கை வைக்கத் தயங்கும்.

ஃபைலில் குறையே இல்லாமல் திரையில் மட்டும் கலர் பொங்குவதும் உண்டு. வலைப்படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி, 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த தரம். அதைவிட விரிந்த நிறவெளி (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) கொண்ட மானிட்டரில், படத்தின் நிறத்தைத் திரைக்கேற்ப மாற்றும் கலர் மேனேஜ்மென்ட் இல்லாத மென்பொருளில் திறந்தால் முகம் தக்காளியாகும். நேரெதிரான விபத்து இன்னும் வினோதம். கேமராவில் எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்த படத்தை, அதோடு வரும் நிறக் குறிப்பான புரொஃபைலைக் கவனிக்காத மென்பொருள் எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும்போது படம் சோகையாகத் தெரியும். உடனே நிறத்தை ஏற்றுவோம். அந்தப் படம் ஒழுங்கான திரைக்குப் போனதும் கண்ணைப் பறிக்கும். வலைக்கு மட்டும் எடுப்பவர்கள் கேமராவில் எஸ்ஆர்ஜிபியே வைத்துக்கொள்ளலாம். ஃபோனின் டிஸ்ப்ளே அமைப்பு விவிட்டில் இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு படத்தைக் குறை சொல்லுங்கள்.

கண்ணும் பழகிப்போகும். அரை மணி நேரம் அடர் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு இயல்பான பச்சை சவசவ என்றிருக்கும். எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால், வைத்த அளவில் பாதி போதும் என்று தோன்றும்.

அச்சுக்குப் போகும் படம் என்றால் சாஃப்ட் புரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) பார்க்காமல் அனுப்ப வேண்டாம். திரையில் மின்னும் நீலமும் ஊதாவும் அச்சகத்தின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் வராது. அடர்த்தி குறைந்து வேறு சாயலில் விழும். திருத்தத்துக்கு அனுப்புவதாக இருந்தால், ஏற்கெனவே குறைத்துப் பார்த்த படத்தை விட்டுவிட்டு கேமராவிலிருந்து வந்த ஃபைலை அப்படியே, ரா இருந்தால் ராவையும் சேர்த்து அனுப்புங்கள். அரட்டைச் செயலியில் போட்டோவாகப் போட்டால் அது சுருங்கித்தான் வந்து சேரும். டாக்குமென்டாக இணைத்தால் முழு ஃபைலும் வரும்.